முருங்கை மரத்துக்கு எத்தனை ஏக்கர்?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. மார்ச் கணக்கு முடிக்கிறது, அது முடிஞ்சா ஆடிட், அதுவும் முடிஞ்சா ஆடிட்காரர் எழுதி வச்ச ஓட்டைகளுக்குப் பதில் எழுதறதுன்னு மூணு மாசம் போன இடம் தெரியல. நடுவுல ஒரே ஒரு புத்தகம்தான் படிச்சேன். அதைப் பத்தி எழுதலாம்னு உக்காந்தா, புத்தகத்தை விட வீட்டுக் கதை அதிகமா வந்துடும் போலிருக்கு. பொறுத்துக்குங்க.

புத்தகத்தை வாங்கினது நான் இல்லை, என் பொண்ணு. ஒன்பதாம் கிளாஸ் படிக்கிறா. ரீல்ஸ்ல ட்ரெவர் நோவாவோட காமெடித் துண்டுகளைப் பாத்துட்டு 'பார்ன் எ க்ரைம்' வேணும்னு ஆர்டர் போட்டா. ரெண்டு அத்தியாயம் படிச்சதோட பரீட்சை வந்துடுச்சு. நான் அம்மாவைப் பாக்க நாக்பூர்லேர்ந்து ஊருக்குக் கிளம்பும்போது அதைப் பையில போட்டுக்கிட்டேன். ரயில் பல்லார்ஷா தாண்டினப்போ நான் தனியா சிரிச்சுக்கிட்டு இருந்தேன். எதிர் சீட்டுப் பெரியவர் ஒரு மாதிரி பாத்தார். விஜயவாடா வர்றதுக்குள்ள கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு இருந்தேன். அவர் வேற பக்கம் திரும்பிக்கிட்டார். நல்ல மனுஷன்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. ட்ரெவர் நோவா தென்னாப்பிரிக்காக்காரர். 1984ல பிறந்தவர். அமெரிக்காவுல 'தி டெய்லி ஷோ'வை 2015லேர்ந்து 2022 வரைக்கும் நடத்தினார். இந்தப் புத்தகம் 2016ல வந்தது. அடுத்த வருஷமே நகைச்சுவை எழுத்துக்கான தர்பர் பரிசு வாங்கிச்சு. இதுல டிவி, புகழ், அமெரிக்கா எல்லாம் கிட்டத்தட்ட கிடையாது. சின்னப் பையனா இருந்த காலமும், அவங்க அம்மாவும்தான் மொத்தப் புத்தகமும்.

'குற்றமாகவே பிறந்தவன்'னு தலைப்பு. மிகைப்படுத்தல் இல்லை. அம்மா பாட்ரிசியா கறுப்பினத்தவர், கோசா இனம். அப்பா சுவிஸ் நாட்டு வெள்ளைக்காரர். வெள்ளையரும் கறுப்பரும் உறவு வச்சுக்கிட்டா ஜெயில்னு தென்னாப்பிரிக்காவுல 1927லேயே சட்டம் போட்டாச்சு. 1950லயும் 1957லயும் அதை இன்னும் இறுக்கினாங்க. அந்தத் தடையை எடுத்தது 1985ல. நோவா பிறந்ததுக்கு அடுத்த வருஷம்! அதாவது இவரோட பிறந்த சர்டிபிகேட்தான் அப்பா அம்மா மேல எழுதின சார்ஜ் ஷீட்.

இதை வச்சு இந்த மனுஷன் எப்படிச் சிரிக்க வைக்கிறார்னு பாருங்க. பார்க்குக்குப் போறாங்க. அப்பா கொஞ்சம் தள்ளியே நடக்கணும், கூட வந்தவர்னு யாருக்கும் தெரியக் கூடாது. குழந்தை அவரைப் பாத்து 'டாடி'ன்னு கத்திக்கிட்டே ஓடுது. நாலு பேர் திரும்பிப் பாக்கறாங்க. அப்பா பயந்து ஓட்டம் பிடிக்கிறார். குழந்தை அதை ஓடிப்பிடிச்சு விளையாட்டுன்னு நினைச்சு இன்னும் வேகமா துரத்துது. படிக்கும்போது சிரிச்சுட்டேன். பக்கத்தைத் திருப்பினப்புறம்தான் உறைச்சது: ஒரு அப்பன் பெத்த பிள்ளையைப் பாத்து ஓடறான்.

சொவேட்டோல பாட்டி வீடு. பேரப் பசங்க எல்லாருக்கும் அடி விழும், இவருக்கு மட்டும் விழாது. கறுப்புக் குழந்தையை அடிச்சா தெரியாது, இவனைத் தொட்டாலே நீலம் சிவப்புன்னு கலர் கலரா வருதேன்னு பாட்டிக்குப் பயம். அதே வீட்டுல ஒரு மழை நாள். கக்கூஸ் வெளியில இருக்கு, போகச் சோம்பேறித்தனம். கண் தெரியாத கொள்ளுப்பாட்டி மட்டும்தான் வீட்டுல. பையன் சமையலறையில பேப்பரை விரிச்சு உக்காந்துட்டான். சமாச்சாரம் குப்பைத்தொட்டியில கண்டுபிடிக்கப்பட்டு, யாரோ செய்வினை வச்சுட்டாங்கன்னு அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் கூடி ஜெபம் பண்றாங்க. அதுல முக்கியமா ஜெபிக்க வேண்டியவன் குற்றவாளியேதான். இந்த இடத்துலதான் எதிர் சீட்டுப் பெரியவர் என்னைப் பாத்தது.

சரி, இப்ப என் கருத்துக்கு வர்றேன்.

நம்ம ஊர்ல பெரிய மனுஷங்க எழுதற சுயசரிதைகளை நான் கொஞ்சம் படிச்சிருக்கேன். பெரும்பாலும் வரவுப் பக்கம் மட்டும்தான் இருக்கும். கஷ்டப்பட்டேன்னு ஒரு அத்தியாயம், அப்புறம் ஜெயிச்சேன்னு இருபது அத்தியாயம். அந்தக் கஷ்டமும் சலவை செஞ்சு இஸ்திரி போட்ட கஷ்டமா இருக்கும். பி.காம். முதல் வருஷத்துலயே சொல்லிக் கொடுத்துட்டாங்க, பற்று இல்லாம வரவு இல்லைன்னு. சிரிக்க வைக்கிறவனுக்கு அந்தப் பற்றுப் பக்கத்தை எழுதாம தொழில் நடக்காது. தான் பயந்தது, திருடினது, ஏமாந்தது, ஏமாத்தினது எல்லாத்தையும் போட்டாத்தான் ஜோக் நிக்கும். விவரம் தப்பா இருந்தா யாரும் சிரிக்க மாட்டாங்க. அதனால காமெடியன் எழுதின சுயசரிதையை மத்ததை விட நான் கொஞ்சம் அதிகம் நம்புவேன்.

ஆனா என் வீட்டம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. கடைசி அத்தியாயத்தைப் பத்தி நான் சொன்னப்போ, "ஏங்க, பெத்த அம்மாவைச் சுட்டதுல என்னங்க சிரிப்பு?"ன்னாங்க. நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் தேடினதுலதான் இந்தப் பதிவே வந்துச்சு.

பாட்ரிசியா பின்னாடி ஒரு கார் மெக்கானிக்கைக் கல்யாணம் பண்ணிக்கிறாங்க. கெட்டிக்கார மெக்கானிக், ஆனா குடி. அவருக்காகத் தன் வீட்டை வித்து ஒர்க்‌ஷாப்ல போடறாங்க. தான் பாத்த வேலையையும் விட்டுட்டு அங்கேயே கணக்கு எழுதறாங்க. வர்ற காசு குடியில போகுது. குடும்பமே ஒர்க்‌ஷாப்ல, ரிப்பேருக்கு வந்த கார்களுக்குள்ள படுத்துத் தூங்கற நிலைமை. இந்தப் பக்கங்களை நான் ஒரு லோன் ஃபைல் மாதிரித்தான் படிச்சேன். தொழிலுக்குப் போட்ட முதல் வேற வழியில போனா என்ன ஆகும்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஃபைல்ல நாங்க ஒரு வரி எழுதி மூடிடுவோம். அந்த ஒரு வரிக்குள்ள ஒரு பொம்பளையும் ரெண்டு பசங்களும் காருக்குள்ள படுத்திருக்காங்கன்னு இந்தப் புத்தகம் காட்டுது.

அப்புறம் அடி. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனா, நீ என்ன பண்ணி அவரைக் கோபப்படுத்தினேன்னு கேக்கறாங்க, கேஸ் எழுத மாட்டேங்கறாங்க. (ஜோஹன்னஸ்பர்க்தான், நம்ம ஊர் இல்லை. ஆனா நம்ப முடியுதா?) வருஷங்கள் கழிச்சு, 2009ல, பிரிஞ்சு போன அந்த மனைவியைத் துப்பாக்கியால சுட்டார் அந்த ஆள். குண்டு பின்மண்டையில நுழைஞ்சு மூக்கு வழியா வெளிய வந்துடுச்சு. பிழைச்சுட்டாங்க. சுட்டவர் கோர்ட்ல குற்றத்தை ஒத்துக்கிட்டும் ஜெயில் தண்டனை இல்லாம வெளிய வந்துட்டார்.

இந்த இடத்துல நோவா ஜோக்கே அடிக்கலைங்கிறதை கவனிச்சேன். அதுவரைக்கும் நாலு வரிக்கு ஒரு தடவை சிரிக்க வச்ச ஆள், அடி விழற பக்கங்கள்ல வெறும் தகவலா எழுதறார். ஆஸ்பத்திரியில அம்மாவுக்கு இன்ஷூரன்ஸ் இல்லைன்னு தெரியுது. இவர் கிரெடிட் கார்டை நீட்டறார். செலவு லட்சக்கணக்குல போகலாம், யோசிச்சுக்கோன்னு அங்க இருக்கவங்க எச்சரிக்கிறாங்க. ஒரு நிமிஷம் தயங்கிக் கணக்குப் போட்டேன்னு ஒளிக்காம எழுதியிருக்கார். அப்புறம்தான் எவ்வளவு ஆனாலும் சரின்னு சொல்றார். கவுண்டருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்னவன் நான். அந்த ஒரு நிமிஷத்தை எழுதறதுக்கு ரொம்பத் தைரியம் வேணும்.

அந்த அத்தியாயத்தோட முதல் ஜோக்கை அடிச்சது யார் தெரியுமா? அம்மாதான். கண் முழிச்சு, அழுதுக்கிட்டு இருக்கற மகனைப் பாத்து, எனக்கு மூக்கு போச்சு, இனிமே நம்ம குடும்பத்துல அழகு நீதான்ங்கிற மாதிரி ஒண்ணு சொல்றாங்க. அதுக்கப்புறம்தான் மகன் சிரிக்கிறார். நாமளும் சிரிக்கிறோம்.

வீட்டம்மா கேள்விக்கு என் பதில் இதுதான். கஷ்டத்தைப் பாத்துச் சிரிக்கலாமா கூடாதாங்கிறது கேள்வியே இல்லை. யாரு முதல்ல சிரிக்கலாம்ங்கிறதுதான் கேள்வி. குண்டு பட்டவங்க சிரிச்சா நாம கூடச் சேந்துக்கலாம். அவங்க சிரிக்காதப்ப நாம சிரிச்சா அதுக்குப் பேரு வேற.

பெரிய தத்துவம் மாதிரி தெரியுதா? கிடையாது. எங்க பிராஞ்ச்லயே நடந்ததைச் சொல்றேன். நான் ஊருக்குக் கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, நிராதார் பென்ஷன் எடுக்க ஒரு ஆஜி வந்தாங்க. ஆஜின்னா மராத்தியில பாட்டி. மெஷின்ல கட்டைவிரலை வச்சா ரேகை விழலை. சேலைத் தலைப்புல துடைச்சு வைக்கிறாங்க, விழலை. நாலாவது தடவை அவங்களே மெஷினைப் பாத்து, ஆயுசு பூராவும் பருத்தி எடுத்து ரேகையெல்லாம் தேஞ்சு போச்சுடா, ஆளைத் தெரியலையான்னு கேட்டாங்க. வரிசையில நின்னவங்க எல்லாரும் சிரிச்சோம். ஆஜியும் சிரிச்சாங்க. எப்படியோ கண்ணை ஸ்கேன் பண்ற மெஷினைத் தேடிப் பிடிச்சுப் பணம் கொடுத்து அனுப்பினோம்.

அவங்க போனதும் எங்க ஆள் ஒருத்தர் எந்திரிச்சு, இடுப்பை வளைச்சு, விரலைத் துடைச்சுத் துடைச்சு அப்படியே நடிச்சுக் காட்டினார். அச்சு அசல். பிராஞ்சே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன்.

ஒரே விஷயம், பத்து நிமிஷ இடைவெளியில ரெண்டு சிரிப்பு. அன்னிக்கு எனக்கு வித்தியாசம் தெரியல. ரயில்ல அந்தக் கடைசி அத்தியாயம் படிச்சப்பதான் என் சிரிப்பு எனக்கே கேட்டுச்சு. ஏன்னா அந்த ஆஜி நின்ன இடத்துல ஒரு காலத்துல என் அம்மா நின்னிருக்காங்க. பக்கத்துல நான்.

1992. எனக்கு பன்னெண்டு வயசு. எங்க ஊர் மதுரைப் பக்கம். அப்பா வாடகை சைக்கிள் கடை வச்சிருந்தார். எட்டு சைக்கிள். கடனுக்கு விடுவார், திரும்பி வராது. மிச்சம் வந்தது சாயங்காலம் கடைவீதியைத் தாண்டி வீடு வந்து சேராது. புரிஞ்சிருக்கும். ஸ்கூல் திறக்கற நேரம், அம்மா கம்மலைக் கழட்டிக்கிட்டு என்னையும் கூட்டிக்கிட்டு ஒரு பேங்குக்குப் போனாங்க. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, பாரம் நிரப்பறது என் வேலை. 'கடன் எதற்காக'ன்னு ஒரு கட்டம். வரிசையில பின்னாடி நின்ன அண்ணன், "தம்பி, விவசாயம்னு போடு, வட்டி கம்மி"ன்னார். போட்டேன்.

ஆபீசர் பாரத்தைப் பாத்தார். எங்க ரெண்டு பேரையும் மேல கீழ பாத்தார். "விவசாயமா? எத்தனை ஏக்கர்மா?"ன்னு சத்தமா கேட்டார். கவுண்டர்ல ரெண்டு பேர் சிரிச்சாங்க. எனக்குக் காது ரெண்டும் சூடாகிப் போச்சு. தரையைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

அம்மா நிதானமா சொன்னாங்க: "வாசல்ல ஒரு முருங்கை மரம் நிக்குது சார். அதுக்கு எத்தனை ஏக்கர்னு நீங்களே பாத்துப் போட்டுக்கங்க."

ஆபீசர் பேனாவைக் கீழ வச்சுட்டுச் சிரிச்சார். இந்தத் தடவை அம்மாவும் சிரிச்சாங்க. அப்புறம் அவரே விவசாயத்தை அடிச்சுட்டு 'குடும்பச் செலவு'ன்னு எழுதி, என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு, வட்டியை எப்படிக் கணக்குப் பண்றதுன்னு ஒரு துண்டுச் சீட்டுல போட்டுக் காட்டினார். வட்டிக் கணக்கு நான் முதமுதல்ல கத்துக்கிட்டது அன்னிக்குத்தான். நான் பேங்குக்கு வந்ததுக்குக் காரணமும் அதுதான்.

ஆனா இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. போன வருஷம் பொண்ணுக்கு ஸ்கூல்ல ஒரு ப்ராஜெக்ட், உன் பெற்றோர் ஏன் இந்த வேலையைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு. என்கிட்ட கேட்டா. "கணக்குல நல்ல மார்க்கு பாப்பா, அதான்"னு சொன்னேன். அதையே எழுதி பத்துக்கு ஒன்பது வாங்கினா. நான் சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லை. வரவுப் பக்கத்தை மட்டும் காட்டினேன், அவ்வளவுதான். அடகு, அப்பாவோட குடி, அந்தச் சிரிப்பு எதுவும் அவளுக்குத் தெரிய வேண்டாம்னு நினைச்சேன். அவளோட தாத்தா அவளுக்குச் சுவத்துல மாலை போட்ட போட்டோ மட்டும்தான். அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

ஊர் போய்ச் சேர்ந்த அன்னிக்கு ராத்திரி, அம்மா தோசை ஊத்திக்கிட்டு இருக்கும்போது மெதுவா கேட்டேன். "அந்த முருங்கை மரக் கதையை பாப்பாகிட்ட சொல்லட்டுமாம்மா?"

அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "இன்னுமாடா அதை ஞாபகம் வச்சிருக்க? அந்த ஆபீசரு மூஞ்சி போன போக்கைச் சொல்லு அவளுக்கு. தாராளமா சொல்லு." நான் முப்பது வருஷமா அவமானம்னு பூட்டி வச்சிருந்தது, அம்மா கணக்குல அவங்க ஜெயிச்ச கேஸ்! என் காது சூடானதை நான் மறக்கல. அம்மா மறந்தே போயிட்டாங்க.

எழுதலாமான்னும் கேட்டேன். "எழுது, எழுது. பேரு போடாத"ன்னாங்க.

அப்புறம் இன்னொண்ணு இருக்கு. அது சைக்கிள் கடை மூடின வருஷம் நடந்தது. அதையும் கேட்டேன். அம்மா தோசையைத் திருப்பிப் போட்டுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அது வேண்டாம்டா. அவ கொஞ்சம் பெரியவளாகட்டும், அதை நானே சொல்லிக்கிறேன்"னாங்க.

அதனால அது இங்க இல்லை. அதுல சிரிக்க ஏதாவது இருக்கா இல்லையான்னு முடிவு பண்ண வேண்டியது அவங்க. நான் இல்லை.

நாக்பூர் திரும்பினதும் பொண்ணுகிட்ட முருங்கை மரக் கதையைச் சொன்னேன். சிரிச்சா. அப்புறம், "அப்பா, கம்மல் திரும்பி வந்துச்சா?"ன்னு கேட்டா. வந்துச்சு, ரெண்டு வருஷம் கழிச்சு. நானே வட்டி கணக்குப் போட்டுச் சரிபாத்துதான் வாங்கிட்டு வந்தோம்னு சொன்னேன்.

மறுநாள் ஆபீஸ்ல அந்த நடிப்புக்கார நண்பர்கிட்டயும் பேசினேன். கோபமா எல்லாம் இல்லை, டீ குடிச்சுக்கிட்டேதான். நானும்தான் சிரிச்சேன், ஆனா அது சரியில்லைன்னு தோணுதுன்னு சொன்னேன். "விடுங்க சார், தமாஷுக்குத்தானே"ன்னார். விட்டுட்டேன். ஆனா அடுத்த மாசம் அந்த ஆஜி வந்தப்ப, அவரே எந்திரிச்சுப் போய் முதல்லயே கண்ணை ஸ்கேன் பண்ற மெஷினை எடுத்து வச்சார்.

புத்தகம் கிடைச்சா படிங்க. ஆடியோ புத்தகமா வேணும்னா நோவாவே தன் குரல்ல படிச்சிருக்கார். அவங்க அம்மா குரல்ல பேசற இடங்களுக்காகவே கேக்கலாம்.

டிஸ்கி: பசங்களுக்கு வாங்கிக் கொடுக்கறவங்க, கடைசி அத்தியாயத்தை மட்டும் முதல்ல நீங்க படிச்சுடுங்க. அதைப் படிச்சுட்டு பசங்க உங்க வீட்டுக் கதையையும் கேப்பாங்க. என்ன பதில் சொல்றதுன்னு யோசிச்சு வச்சுக்குங்க :-)